ஆஃப்ங்களா?

பெட்ரோல் எஞ்சின் வைத்த மாடல் விமானத்தைக் கையால் ஸ்டார்ட் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால், ப்ரொப்பல்லர் பக்கம். இன்னொருவர் பின்னால், வாலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டபடி. நான் பெரும்பாலும் பின்னால் இருப்பவன். முன்னால் இருப்பவர் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். விமானமும் அவருடையதுதான். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். அண்ணா என்றே எழுதிவிடுகிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

கிணத்துக்கடவு தாண்டி ஒரு காட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஐந்தாறு பேர் கூடுவோம். காடு என்றால் மரங்கள் இல்லை; எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்கு அதுதான் பெயர். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதையும் ஒழுங்காகப் பறக்க விடாது. மார்கழியிலிருந்து மாசி வரைதான் எங்கள் காலம். வெயில் ஏறுவதற்கு முன் போய்ச் சேர்ந்து, இறக்கைகளை மாட்டி, வாலில் கயிறு கட்டி, தரையில் அடித்த முளையில் இழுத்து முடிவோம். அதற்கு மேல் நானும் பிடித்துக்கொள்வேன். அண்ணா கழுத்தில் கிடக்கும் துண்டை உருவிக் காருக்குள் எறிவார். தோல் கையுறையை மாட்டுவார். ப்ரொப்பல்லரைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி.

“ஆஃப்ங்களா தம்பி?”

இக்னிஷன் சுவிட்ச் இறக்கைக்குப் பின்னால், விமானத்தின் பக்கவாட்டில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. அதன் அருகில் கடுகளவு ஒரு சிவப்பு விளக்கு. முன்னால் நிற்பவருக்கு அது தெரியாது. நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“ஆஃப்ண்ணா.”

இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பொம்மை விமானம்தானே என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. அண்ணாவுடையது 30 சிசி எஞ்சின், ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். மரம் அறுக்கிற செயின் சா எஞ்சினுக்கு இது பங்காளி முறை. கார்புரேட்டர்கூட அதில் வருகிற வால்ப்ரோ வகைதான். முன்னால் 18 அங்குல மர ப்ரொப்பல்லர். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 7000 சுற்று என்று வைத்துக்கொண்டால், அதன் நுனி மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஸ்டார்ட் ஆகும்போது அவ்வளவு வேகம் இருக்காது. 1800 சுற்றில் முனகிக்கொண்டிருக்கும். ஆனால் இரண்டு பிளேடு, நொடிக்கு 30 சுற்று, ஆக ஒரே இடத்தை நொடிக்கு 60 முறை கடக்கிறது. அடிபட்டது மூளைக்குத் தெரிந்து விரலை இழுத்துக்கொள்ள ஐந்தில் ஒரு பங்கு நொடியாவது ஆகும். அதற்குள் 12 வெட்டு. லேத் பிடிக்கிற கைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன்.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. 1930களில் ஃபிலடெல்ஃபியாவில் செய்யப்பட்ட பிரவுன் ஜூனியர் போன்ற சின்ன எஞ்சின்கள் பெட்ரோலில்தான், ஸ்பார்க் பிளக்கோடுதான் ஓடின. 1947இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் க்ளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மெத்தனால் எரிபொருள், பிளக்கில் ஒரு கம்பிச்சுருள், ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அதில் ஒரு சின்ன பேட்டரியைக் கவ்வவிட்டுச் சூடாக்கினால் போதும், பிறகு தானே கனன்றுகொண்டிருக்கும். ஸ்பார்க் சமாசாரங்களின் பாரம் போய்விட்டது. பல பத்தாண்டுகள் அதுவே ராஜ்யம். பெரிய விமானங்கள் வந்தபோது, மலிவு என்று பெட்ரோல் திரும்பி வந்தது.

திரும்பி வந்தபோது ஒன்று மாறிப்போயிருந்ததை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. குளிர்ந்து கிடக்கிற க்ளோ எஞ்சினில் பேட்டரி கவ்வியிருக்கிறதா இல்லையா என்பது ப்ரொப்பல்லர் பக்கம் நிற்பவனின் கண்ணெதிரே இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் அபாயம் முன்னால் இருக்கிறது, அதைப் பற்றிய தகவல் பின்னால் இருக்கிறது. விரல் ஒருவருடையது, பார்வை இன்னொருவருடையது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் எஞ்சினில் சிடிஐ இக்னிஷன். பேட்டரி துண்டிக்கப்பட்டால் ஸ்பார்க் கிடையாது. ஆஃப் என்றால் துண்டிப்பு. பழைய மேக்னட்டோ எஞ்சின்களில் நேர் எதிர். மேக்னட்டோ தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும். அதை அடக்க வேண்டுமானால் சுவிட்ச் வழியாக எர்த்தில் இணைக்க வேண்டும். அங்கே ஆஃப் என்றால் இணைப்பு. அந்த ஒயர் எங்காவது அறுந்திருந்தால் சுவிட்ச் ஆஃபில் இருக்கும், எஞ்சின் உயிரோடு இருக்கும். ஆள் ஏறும் சின்ன விமானங்களில் பெரும்பாலானவை இன்றும் மேக்னட்டோவில்தான் ஓடுகின்றன. அதனால்தான் அங்கே ஒரு பழைய விதி: எந்த ப்ரொப்பல்லரையும், எப்போதும், உயிருள்ளதாகவே நினைத்துத் தொடு. அதோடு ஒரு வழக்கமும் இருந்தது. கையால் சுற்றுகிறவர் “சுவிட்ச் ஆஃப்” என்று குரல் கொடுப்பார். உள்ளே உட்கார்ந்திருப்பவர் அதையே திருப்பிச் சொல்வார். பிறகு “காண்டாக்ட்” என்பார். உள்ளிருப்பவர் சுவிட்சைப் போட்டுவிட்டு “காண்டாக்ட்” என்பார். பழைய யுத்தப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கேள்வியையே பதிலாகத் திருப்பிச் சொல்வது ஏன் என்று எனக்குச் சின்ன வயதில் புரிந்ததில்லை. கோயிலில் சங்கல்பத்துக்கு ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்வது மாதிரி ஏதோ சடங்கு என்று நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு தை மாதம். முதல் பறப்பில் பெட்ரோலைச் சரியாகக் கணக்குப் பண்ணாமல் விட்டுவிட்டோம். வானத்திலேயே எஞ்சின் நின்றுபோனது. அண்ணா பதற்றமில்லாமல் விமானத்தைச் சறுக்கிக்கொண்டு வந்து இறக்கினார், எல்லோரும் கைதட்டினோம். டேங்க்கை நிரப்பி மறுபடியும் முளையில் கட்டினோம். குழாயில் காற்று புகுந்திருந்ததால் முதலில் சோக்கை மூடி, இக்னிஷனை அணைத்துவைத்து, ப்ரொப்பல்லரைச் சில சுற்று சுற்றி பெட்ரோலைக் கார்புரேட்டர் வரை இழுக்க வேண்டும். இக்னிஷனைப் போட்டே இதைச் செய்கிறவர்களும் உண்டு, அண்ணா செய்யமாட்டார்.

“ஆஃப்ங்களா தம்பி?”

எதிர்ப்பக்கம் ஒரு பையன் தெர்மாகோல் கிளைடர் ஒன்றைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். அழகாகத் திரும்பியது. நான் அதைப் பார்த்தபடி “ஆஃப்ண்ணா” என்றேன்.

எப்போதும் நாங்கள் எஞ்சினை நிறுத்துவது சுவிட்சை அணைத்துத்தான். ஆகவே நின்றிருக்கிற எஞ்சின் என்றால் என் மனதில் அணைந்த சுவிட்ச். அன்று எஞ்சினை நிறுத்தியது பெட்ரோல் தீர்ந்துபோனது. சுவிட்சை யாரும் தொடவே இல்லை. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

அண்ணா சுற்ற ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. பிளாஸ்டிக் குழாயில் பெட்ரோல் மெல்ல ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று. அப்போதுதான் கண் கீழே போனது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“கையை எடுங்கண்ணா” என்று கத்தியிருக்க வேண்டும். நான் சுவிட்சை அணைத்தேன். அதுதான் வேகமான வழி என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தமில்லாத வழியும் அதுதான். நான்காவது சுற்றில் பெட்ரோல் போய்ச் சேர்ந்தது. சூடான எஞ்சின், ஈரமான கார்புரேட்டர். “ஆன் பண்ணுங்க” என்றார். போட்டேன். இரண்டாவது தட்டில் பிடித்துக்கொண்டது. அன்று முழுக்க நன்றாகப் பறந்தது.

வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். “ஒண்ணும் ஆகலையே, அப்புறம் என்ன?” என்றார். அவர் தொழிலில் அது சரியான கேள்வி. காயம் இல்லையென்றால் வழக்கு இல்லை. தத்துவத்தில் இதை ஒரு பிரச்சினையாக எழுப்பியவர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும். 1976இல், அறநெறியில் அதிர்ஷ்டத்துக்கு இடமுண்டா என்று இருவரும் எழுதினார்கள். நேகல் தரும் உதாரணம் ஒரு லாரி ஓட்டுநர். பிரேக்கைச் சோதிக்காமல் விட்டவர். குழந்தை குறுக்கே வந்தால் அவர் வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி. வராவிட்டால் கொஞ்சம் அசட்டையான ஆள், அவ்வளவுதான். செய்தது ஒன்றே. குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. என் கணக்கில் அந்தக் குழந்தை, குழாயில் இன்னும் இரண்டு அங்குலம் ஏறவேண்டியிருந்த பெட்ரோல்.

இதற்கு நூறு வருடம் முன்பே கறாராகத் தீர்ப்பு எழுதியவர் டபிள்யூ. கே. கிளிஃபர்ட். கணித மேதை, 33 வயதில் இறந்துபோனார். 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒரு கப்பல் முதலாளியில் தொடங்குகிறது. கப்பல் பழையது, பழுது பார்க்கவேண்டும் என்று அவருக்கே சந்தேகம் உண்டு. இத்தனை முறை போய்வந்த கப்பல்தானே என்று மனதைச் சமாதானப்படுத்தி, முழு நம்பிக்கையோடு, புலம்பெயர்ந்து போகிறவர்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் மனதார நம்பினார் என்பதால் குற்றம் குறையுமா? குறையாது. சரி, கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால்? அப்போதும் துளிகூடக் குறையாது என்கிறார் கிளிஃபர்ட். அகப்படாமல் போயிருப்பார், அவ்வளவே. சூரிய கிரகணம் பார்க்கப் போன பயணத்தில் சிசிலி அருகே கப்பல் உடைந்து தப்பிப் பிழைத்தவர் கிளிஃபர்ட். போதுமான ஆதாரம் இல்லாமல் எதையும் நம்ப உரிமை இல்லை என்று அவர் சொல்லும்போது அது வெறும் புத்தக வாதமாக எனக்குப் படுவதில்லை.

ஆனாலும் அவருடைய தீர்ப்பு என் மேல் சரியாக உட்காரவில்லை. தப்பித்துக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. கப்பல் முதலாளிக்குச் சந்தேகம் வந்தது, அதை அவர் நெரித்தார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் எந்த ஆதாரத்தையும் அமுக்கவில்லை. வழக்கமாக நின்ற எஞ்சின் என்றால் அணைந்த சுவிட்ச் என்பது நூறு முறை சரியாக இருந்த அனுமானம். இப்படிப்பட்ட அனுமானங்களால்தான் காலையில் எழுந்து பல் விளக்கி ஆபீஸ் போய்ச் சேர்கிறோம். ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் நம்புவேன் என்றால் வாசல் தாண்ட முடியாது. அந்த நம்பிக்கையை நான் எனக்குள்ளேயே வைத்திருந்தால் அதில் பெரிய குற்றம் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தப்பு நம்பியதில் இல்லை, சொன்னதில் இருக்கிறது. அண்ணா என்னிடம் என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. அபிப்பிராயம் அவரிடமே இருந்தது. நான் ஊகித்ததை அவரும் ஊகித்திருப்பார், என்னைவிட நன்றாக. அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: அந்தச் சுவிட்சைப் பார்க்கிற ஒரு ஜோடிக் கண். அதைத்தான் என்னிடம் கடனாகக் கேட்டார். அந்தக் காட்டில், அந்த நேரத்தில், ஆஃப் என்ற சொல்லுக்கு “சுவிட்ச் அணைந்திருக்கிறது” என்பது அர்த்தமல்ல. “இப்போது பார்த்தேன், அணைந்திருக்கிறது” என்பதே அர்த்தம். அப்படியானால் அன்று சுவிட்ச் உண்மையிலேயே அணைந்திருந்தாலும் நான் சொன்னது பொய்தான். இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கு முன்னால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துச் சொன்னேன், எத்தனை நாள் பழக்கத்தில் சொன்னேன்? எனக்குத் தெரியாது. அவையெல்லாம் சரியான பதில்கள் என்பது மட்டும் தெரியும். அண்ணாவின் பத்து விரலும் சாட்சி.

எவருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வரையறுத்தார். அந்த அளவுகோலில் என் சொல் தேறிவிடுமே என்று ஒருகணம் தோன்றியது. வள்ளுவரை வக்கீலாக வைத்துக்கொள்ள எல்லோருக்கும் ஆசைதான். பள்ளியில் தமிழய்யா வேறொன்று சொல்லுவார்: உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் இருப்பது வாய்மை, மெய்யில், அதாவது உடம்பில், இருப்பது மெய்ம்மை. அன்று உள்ளத்தில் ஆஃப், வாயில் ஆஃப். மெய்யில் மட்டும் ஆன். அந்த மெய்யும் என்னுடையது இல்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் வரவேண்டும். எந்த ப்ரொப்பல்லரையும் உயிருள்ளதாகவே நினை என்பதுதானே விதி? அண்ணா அதன்படி நடந்திருந்தால் என் சொல் எதுவாக இருந்தால் என்ன? விதி சரியானதே. அதைக் கடைப்பிடிக்காதவர்கள் பக்கத்தில் நான் நிற்கமாட்டேன். ஆனால் மூன்று சுற்றும் நான் அண்ணாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது அவர் பிளேடை விரல் நுனியால் தட்டிவிட்டு அதே வீச்சில் கையையும் உடம்பையும் வெளியே எடுத்துவிடுவார். விரல் ஒருபோதும் பிளேடின் பின்பக்கம் வளையாது. ஆஃப் என்று கேட்டுவிட்டால் பிளேடை முழுக் கையால் பிடித்து, விரல் மடக்கி, நிதானமாகச் சுற்றுவார். என் ஒரு சொல் அவர் விரல்களின் வடிவத்தை மாற்றியிருந்தது. விதி என்னதான் சொன்னாலும், கூட இருக்கிறவனின் வார்த்தையைக் கேட்டதும் உடம்பு கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. தளரவே தளராத மனிதன் பத்திரமாக இருப்பான், ஆனால் அவனுக்கு உதவிக்கு ஆள் தேவைப்படாது.

சொல்வதா வேண்டாமா என்பதில் ஒரு மாசம் ஓட்டினேன். சொல்லாமலிருக்க நல்ல காரணங்கள் கிடைத்தன. நடந்து முடிந்தது, இனி நான் கவனமாக இருப்பேன், சொல்வது என் மனபாரத்தை அவர் தலையில் இறக்கிவைப்பது. கடைசிக் காரணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அதனாலேயே அதன் மேல் சந்தேகம் வந்தது. அவர் ஒவ்வொரு வாரமும் என்னிடம் கேட்கிறார். என்னை நம்பலாமா என்று முடிவுசெய்ய அவருக்குத் தேவையான ஒரே தகவலை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் திருந்திவிட்டேனா என்பதை நானே தீர்மானித்து, அவர் சார்பில் நானே எனக்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பார்க்காமல் ஆஃப் என்று சொல்வதைப் போலத்தான்.

மாசி கடைசியில், விமானத்தைக் காரில் ஏற்றியபிறகு, சொன்னேன். சிவப்பு விளக்கு, மூன்று சுற்று, கத்தாமல் அணைத்தது, எல்லாம். கையுறையைக் கழற்றியபடி கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் விரும்பினேன் என்றும் சொல்லலாம்.

“மூணு சுத்தா?” என்றார்.

“ஆமாங்கண்ணா.”

கொஞ்ச நேரம் கழித்து, “பட்டறையில கரண்ட் வேலைன்னா ஃபியூஸ் கட்டையப் புடுங்கிச் சட்டைப் பையில போட்டுட்டுத்தான் கை வெப்போம். யாரு வந்து ஆஃப்னு சொன்னாலும் கேக்கறதில்லீங்க. இங்க மட்டும் வாய் வார்த்தையில செஞ்சுட்டிருந்தது என்ர தப்புங் தம்பி” என்றார். வீடு வரும்வரை வேறு விஷயங்கள்தான் பேசினோம். பேரன் ஸ்கூல் ஃபீஸ், இரும்பு விலை.

அடுத்த வாரம் விமானத்தின் மேல்மூடி வழியாக இக்னிஷன் பேட்டரியின் ஒயர் நீண்டிருந்தது, முனையில் கனெக்டரோடு. முன்னால் போவதற்கு முன் அண்ணா அதைக் கழற்றினார். பேட்டரியையே உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல ஏற்பாடு. முதல் நாளிலேயே செய்திருக்கவேண்டியது என்று மற்றவர்களும் சொன்னார்கள், இருவர் தங்கள் விமானத்திலும் அப்படியே மாற்றிக்கொண்டார்கள். ஏன் மாற்றினார் என்று அண்ணா யாரிடமும் சொல்லவில்லை.

கேள்வி மட்டும் நின்றுவிட்டது. அவர் கோபத்தில் நிறுத்தவில்லை. பையில் பேட்டரி இருக்கும்போது எதற்குக் கேட்கவேண்டும்? நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். இந்த மார்கழியிலும் கூடிக்கொண்டிருக்கிறோம். வாலைப் பிடித்து மண்டியிடுகிறேன். அவர் துண்டை எறிந்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் ப்ரொப்பல்லரில் கை வைக்கப் போகிறார். நான் குனிந்து விளக்கைப் பார்க்கிறேன். எரிய வழியே இல்லை. பார்த்துவிட்டு, அவர் கேட்காவிட்டாலும், “ஆஃப்ண்ணா” என்கிறேன். சில வாரம் தலையாட்டுவார். சில வாரம் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.